புகைப்புரையில் வைத்த கப்பு

அருமனை
12 ஜூன் 2025

அய்யா துணை.

ஏட்டி அஞ்சு,

நீ எனக்க நம்பரை பிளாக் பண்ணிப் போட்ட. பண்ணலேன்னாலும் நான் கூப்பிடப்படாது. சாட்சிக்காரங்ககிட்ட போகப்படாதுன்னு சொல்லித்தான் எனக்கு ஜாமீனே தந்திருக்கு. கூடப் பொறந்தவ எப்பட்டி எனக்கு சாட்சி ஆன? அதனாலதான் இந்தக் காயிதம். ரப்பர் ஷீட் எடுக்க வருகிய ஷாஜன் மார்த்தாண்டம் போறான், ஒனக்க கடையில கொண்டு தருவான். படிச்சிட்டுக் கிழிச்சுப் போடு.

மாப்பிளைக்குக் கால் எப்படி இருக்கு? கம்பி வச்சாச்சுன்னு ஷாஜன் சொன்னான். நான் ஆஸ்பத்திரிக்கு எதிர்ல பழக்கடையில ரெண்டு தடவ வந்து நின்னேன். உள்ள வரல. வந்தா நீ என்ன செய்வன்னு தெரியாதா எனக்கு.

அன்னைக்கு நடந்ததை நீ ஊருல எவனெவன் வாயில இருந்தெல்லாமோ கேட்டிருப்ப. எனக்க வாயில இருந்தும் கேளு. சந்தி நேரம். மழை அப்பதான் விட்டுருந்துது. கீழ ஓடை ஓரத்துல மரச்சீனிச் செடி அனங்கி ஆடிச்சு. பன்னிதான். ஒரு வாரமா கெழங்கைப் பூரா தோண்டிப் போட்டது ஒனக்கும் தெரியும். நான் பாறை மேல நின்னு துப்பாக்கியை நீட்டி ஓடைப் பக்கமாட்டு வெடி வச்சேன். அங்க மனுஷன் நிக்கியது எனக்குத் தெரியாது. அலறல் கேட்டுத்தான் ஓடினேன். போய்ப் பாத்தா பிலாமரத்து மூட்டுல மாப்பிளை கெடக்காரு. தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடினது நான். ஆட்டோவை மறிச்சது நான். கொல்ல நெனச்சவன் தூக்கிக்கிட்டு ஓடுவானா? நீயே சொல்லு.

இன்ஸ்பெக்டர் என்னைப் பாத்துச் சிரிக்காரு. "உம்ம தங்கச்சியே முன்விரோதம் உண்டுன்னு எழுதித் தந்திருக்கு, பொறவு நாங்க என்ன செய்ய"ங்காரு. கொலை முயற்சின்னு கேஸ். கொலை முயற்சி! தெனமும் காலையில ஸ்டேஷன்ல போய் கையெழுத்துப் போடுகேன், பீடி திருடினவன் பக்கத்துல வரிசையில நின்னு.

சத்தம் காட்டிப் பன்னியை வெரட்டத்தான் லைசென்ஸ், ஈய உண்டை போட்டது தப்பு, அதுக்கு எந்த ஆபீஸ்ல வேணும்னாலும் போய் நிப்பேன். ஆனா மாப்பிளை மேல நான் குறி வைக்கல. அய்யா சத்தியம்.

ஒனக்க அண்ணன்
சுயம்புராஜ்

*

மார்த்தாண்டம்
16 ஜூன் 2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

தொடை எலும்பு உடைந்து சிதறியிருக்கிறது. இரண்டு ஆபரேஷன் முடிந்தது, இன்னொன்று இருக்கிறது. பழையபடி நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார். கடையில் மேல்தட்டுச் சாமானை இனி நான்தான் ஏணி போட்டு எடுக்க வேண்டும்.

போலீசிடம் நான் இல்லாததைச் சொல்லவில்லை. அப்பா போன பிறகு விளை நிலத்தைப் பங்கு வைத்ததும், எல்லையில், அதிரில் நிற்கும் பிலாமரம் யார் பக்கம் என்று சண்டை வந்ததும் உண்மை. சாயாக்கடையில் ஆட்கள் முன்னால் வைத்து, "மகேஷ் அதிரைத் தாண்டிக் கால் வச்சா அந்தக் காலை எடுப்பேன்" என்று நீ சொன்னதும் உண்மை. இப்போது அவருக்குப் போனது கை இல்லை, காது இல்லை. நீ சொன்ன அதே கால்.

நீ குறி தப்புகிற ஆளாக இருந்தால் நானும் விபத்து என்று நம்பியிருப்பேன். ஓணத்துக்குக் கயிற்றில் தேங்காயைக் கட்டி ஆட்டி விட்டால் அதன் கண்ணில் அடிக்கிறவன் நீ. ஊரில் எவனைக் கேட்டாலும் "சுயம்புக்க வெடி தப்பாது" என்றுதான் சொல்வான். முதல் நாள் ஸ்டேஷனில் நீயே அதைப் பெருமையாகச் சொன்னாயாமே!

இன்னொன்றும் இருக்கிறது. ஆபரேஷனில் ஈயத்தோடு ஒரு பிளாஸ்டிக் துண்டும் வந்தது. டாக்டர் ஒரு தட்டில் வைத்துக் காட்டி, "இது என்னம்மா, பேனா மூடியா?" என்று கேட்டார். கறுத்துப்போன பழுப்பு நிறம். இவர் கப்பலில் வேலை பார்த்தபோது உன் துப்பாக்கிக்கு அளவெடுத்துக்கொண்டு போய், அமெரிக்காவில் கப்பல் நின்ற ஊரில் தேடி வாங்கிவந்த, ஈய உண்டையை உட்காரவைக்கும் அந்தப் பிளாஸ்டிக் கப்பு பால் வெள்ளை. அதில் ஒரு பாக்கெட் எங்கள் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. ஏழு வருஷம் ஆகியும் வெள்ளைதான்.

அன்றைக்குத் துப்பாக்கியில் நீ போட்டது என்ன? இதற்கு மட்டும் பதில் எழுது. சத்தியம் வேண்டாம்.

அஞ்சு

*

அருமனை
19 ஜூன் 2025

அய்யா துணை.

ஏட்டி,

போலீசே என்னை இப்படிக் குடைஞ்சு கேக்கல. நீ சப்-இன்ஸ்பெக்டருக்குப் படிச்சிருக்கணும்.

சாயாக்கடையில சொன்னேன். சொன்னேன்தான். வாயில வந்ததைச் சொல்லாத அண்ணன் தம்பி எவன் இருக்கான் இந்த ஊருல? பொன்னுலிங்கம் அண்ணாச்சி அவருக்க தம்பியைக் கொளத்துல முக்கிக் கொல்லுவேன்னு வருஷம் பூரா சொல்லுகாரு, ரெண்டு பேரும் ஒரே பைக்குலதான் சந்தைக்குப் போறாவ.

கப்பு என்னன்னு கேட்ட. ஒனக்க மாப்பிளை தந்த அதே கப்புதான், வேற எங்க போவேன்? நம்ம தோக்கு எஸ்டேட் தொரமாரு காலத்து மாடல், குழலுக்குள்ள திருகு வரை உண்டு. வாய் வழியா மருந்தைக் கொட்டி, மேல ஈய உண்டையை இடிச்சு எறக்கணும். உண்டை குழலைவிட ஒரு நூல் சின்னது. அதனால கப்புக்குள்ள உண்டையை உக்கார வச்சு எறக்குவோம். வெடிச்ச உடனே கப்பு திருகு வரையைப் பிடிச்சு உண்டையைச் சுத்தி விடும். வாசல் தாண்டினதும் கப்புக்க நாலு இதழும் விரிஞ்சு கீழ விழுந்துரும், உண்டை மட்டும் நேரா போவும். அதுதான் அதுக்க வேலை.

பழுப்பு ஏன்னா, புகைப்புரையில வச்சேன். எங்க வைக்கச் சொல்லுக? எடவப்பாதி மழையில இங்க தீப்பெட்டிகூட நமத்துப் போவும். ஈரம் ஏறப்படாததை எல்லாம் ரப்பர் ஷீட்டு காயப் போடுகிய புகைப்புரை மச்சுலதான் நம்ம அப்பா காலத்துல இருந்து வைக்கோம். குடம்புளி அங்க, விதைப்பயறு அங்க, ஆதாரப் பத்திரமும் அங்க. கப்பையும் ஒரு தகரடின்னுல போட்டு வச்சேன். புகை பட்டா எதுவும் கறுக்கத்தான் செய்யும். இது ஒரு கேள்வியா?

இப்பம் நான் கேக்கட்டுமா? வீட்டு ஆளுககிட்ட ஒரு வார்த்த சொல்லாம சந்தி நேரத்துல மாப்பிளைக்கு விளையில என்ன சோலி? கையில கம்பும் கயிறும் எதுக்கு? நான் ஒரு கண்ணு அசந்தா அதிரு நாலு அடி நகரும்னுதானே? இன்னொரு பாக்கெட்டைப் பத்திரமாட்டு அலமாரியில வச்சுக்கிட்டு எனக்கு மட்டும் மட்டச் சரக்கைத் தள்ளி விட்டாரோ என்னமோ, அதையும் அவருகிட்ட கேளு. நான் செயிலுக்குப் போனா இந்த விளை பூரா ஆருக்குன்னும் ஒருக்கா நெனச்சுப் பாக்கேன்.

கோவத்துல எழுதுகேன். ஆனாலும் எழுதினதை அடிக்கல.

சுயம்புராஜ்

*

மார்த்தாண்டம்
23 ஜூன் 2025

அண்ணே,

உன் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. காட்டினால் காயம் தைத்த இடம் விட்டுப்போகும், அப்படிச் சிரிப்பார். உன் பங்கைப் பிடுங்கத்தான் தொடையில் ஈயம் வாங்கிக்கொண்டாரா? கொஞ்சமாவது யோசித்து எழுது.

அவர் களவாக வரவில்லை. மறுநாள் சர்வேயர் வருவதாக இருந்தது, அதற்கு முன்னால் நம் இரண்டு பேர் பங்கிலும் அடையாளக் கம்பு நாட்டி வைத்தால் சண்டை இல்லாமல் முடியும் என்றுதான் வந்தார். உனக்குப் போன் போட்டார், நீ எடுக்கவில்லை. மதினிக்குப் போன் போட்டு, "சந்தி நேரத்துல வருவேன், பிலாமரத்துப் பக்கம் நிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். மதினி அதை உன்னிடம் சொல்லவில்லையா?

அது கிடக்கட்டும். புகைப்புரை என்று எழுதியிருக்கிறாயே, ஏழு வருஷமுமா அந்த டின்னு புகைப்புரையில் இருந்தது? அடுப்பு தினமும் எரிகிற இடத்திலா?

நான் பிளாஸ்டிக் சாமான் விற்கிறவள் அண்ணே. பக்கெட்டு உடைந்துவிட்டது என்று சண்டை போட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, எங்கே வைத்திருந்தீர்கள் என்பதுதான். வெந்நீர் அடுப்புக்கு மேலே பரணில் வைத்த மக்கு, மொட்டைமாடி வெயிலில் கிடந்த வாளி, எல்லாம் பார்வைக்கு முழுசாக இருக்கும். கைப்பிடியைத் தூக்கினால் கையோடு வரும். சூடு தின்ற பிளாஸ்டிக்குக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். மழைக்குப் பயந்து நீ அதைத் தீயில் வைத்திருக்கிறாய்!

டின்னைப் போலீஸ் எடுத்துவிட்டது என்று தெரியும். அங்கே இங்கே உருண்டு விழுந்தது ஒன்றாவது கிடந்தால் ஷாஜனிடம் கொடுத்து அனுப்பு. நீ சொல்வதை நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அஞ்சு

*

அருமனை
27 ஜூன் 2025

அய்யா துணை.

மக்கா அஞ்சு,

மச்சுக் கம்புக்கு எடையில ரெண்டு கெடந்துது. தீப்பெட்டியில பஞ்சு வச்சு அனுப்பியிருக்கேன். இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா அதுக்கும் ஒரு கேஸ் போடுவாரு.

போன காயிதத்துல மாப்பிளையைப் பத்தி எழுதினது தப்பு. ஒனக்க மதினி என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவளுக்கு அன்னைக்குத் தலைவலி, மறந்திருப்பா. அவகிட்ட நீ இதைக் கேட்டு வெப்ராளப்படுத்தி அழ வைக்காத.

இன்னொரு காரியம். இதை நீ ஆருகிட்டயும் சொல்லப்படாது, மாப்பிளைகிட்டகூட. சித்திரை மாசத்துல இருந்தே எனக்க வெடி தப்புது. பிலாமரத்துல ஒரு தேங்கா சிரட்டையை ஆணி அடிச்சு வச்சு ஒத்தையில சுட்டுப் பாத்தேன். ஒண்ணு எடது பக்கம் போச்சு, இன்னொண்ணு எங்க போச்சுன்னே தெரியல. அடுத்தது நேரா சிரட்டையில. மருந்து ஈரம் பட்டிருக்கும்னு நெனச்சு வெயில்ல காய வச்சேன். அதுக்கப்புறம் சுட்டுப் பாக்கல. கண்ணுக்குத்தான் கேடு வந்துட்டோன்னு ஒரு பயம். நாகர்கோவில்ல போய் கண்ணு டெஸ்ட் பண்ணினேன், ஒரு குறையும் இல்லன்னுட்டான். அப்பமும் கப்பு மேல சந்தேகம் வரல. அமெரிக்கா சாமானாச்சே!

மாப்பிளை மேல நான் குறி வைக்கல மக்கா. அய்யா சத்தியம். அப்பா சத்தியம்.

அண்ணன்

*

மார்த்தாண்டம்
2 ஜூலை 2025

அண்ணே,

தீப்பெட்டியைத் தொறந்தா ஒரு கப்பு பஞ்சுக்குள்ளேயே மூணு துண்டா கெடந்துது. ஷாஜனுக்க பைக் ஆட்டத்துக்கே தாங்கல. இன்னொண்ணை எடுத்து, இதழைப் பெருவிரலால லேசா அழுத்தினேன். 'டிக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான், முறிஞ்சு விழுந்துது. உடனே அலமாரியில இருந்த பாக்கெட்டைப் பிரிச்சு வெள்ளைக் கப்பு ஒண்ணை எடுத்து அமுக்கினேன், மடக்கினேன், கதவு இடுக்குல வச்சு நெரிச்சேன். விட்டதும் பழையபடி நிமிந்து நின்னுது. நான் கடையில எல்லாரும் பாக்க உக்காந்து அழுதேன். ஒரு ஆளு குடம் வெல கேட்டுக்கிட்டு நின்னான்.

நீ சொன்னியே, பொன்னுலிங்கம் அண்ணாச்சி, அவருகிட்டயே கொண்டு போனேன். பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்த மனுஷன்தானே. ரெண்டையும் உள்ளங்கையில வச்சுப் பாத்துட்டு, "இது குழலுக்குள்ளயே சில்லுசில்லாப் போயிருக்கும் பிள்ள. உண்டை சுத்தாது, ஆடிக்கிட்டே போவும். ஒரு இதழ் ஒட்டிக்கிட்டே கூடப் போயிருந்தா அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போவும். எந்தப் பக்கம்னு சுடுகியவனுக்கே தெரியாது"ன்னாரு. இவியளுக்க தொடையில இருந்து வந்தது அந்த இதழுதான் அண்ணே. ஈயத்தை விடாம ஒட்டிக்கிட்டே வந்திருக்கு.

உன்னைப் பத்தி என்னெல்லாம் நெனச்சேன் தெரியுமா? ஆஸ்பத்திரியில ராப்பகலா உக்காந்து, அந்தக் காலை எடுப்பேன்னு நீ சொன்னதையே மனசுல ஓட்டிக்கிட்டு இருந்தேன். சின்னப் பிள்ளையில நீ எனக்கு ஊஞ்சல் கட்டித் தந்த கயித்தைக்கூட சந்தேகமா நெனச்சேன். சீ, இப்படியா ஒரு மனசு!

ஆனா உன்னைத் திட்டாம விடமாட்டேன். வெடி தப்புதுன்னு முதல் நாளே போலீஸ்ல சொல்லியிருந்தா இத்தனை பாடு உண்டா? கொலைகாரன்னு சொன்னா பொறுத்துக்கிடுவ, குறி தப்பினவன்னு சொன்னா பொறுக்க மாட்ட. நல்ல ஆம்பளை!

இன்ஸ்பெக்டர் என்னை மறுபடி வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்காரு. அண்ணாச்சியும் வருகேன்னுட்டாரு. ரெண்டு கப்பையும் மேசையில வச்சு, வெள்ளையை மடக்கி, கறுத்ததுல மிச்ச இதழை நானே முறிச்சுக் காட்டுவேன். வீட்டுல இவியகிட்டயும் சொல்லிட்டேன். கண்ணை மூடிக்கிட்டே கேட்டாவ. பொறவு, "அப்பம் சுயம்பு அண்ணன் வேணும்னு செய்யல, அப்படித்தானே"ன்னு கேட்டாவ. ஆமான்னு சொன்னேன். அன்னைக்குத்தான் மாத்திரை இல்லாம உறங்கினாவ.

உன் அஞ்சு

*

அருமனை
5 ஜூலை 2025

அய்யா துணை. அய்யா துணை. எத்தனை தடவ எழுதினாலும் போதாது.

எனக்க பொன்னு மக்கா,

ஒனக்க காயிதத்தை மதினிக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ அய்யாவைக் கும்பிடுகிய தாங்கலுக்கு ஓடிப் போய் வெளக்கு ஏத்திட்டு வந்தா. வக்கீலுக்கும் சொல்லியாச்சு. கொலை முயற்சி நிக்கவே நிக்காதுன்னு சொல்லுகாரு, கவனக்கொறவுன்னு ஒரு சின்ன பிரிவுல முடிச்சிரலாமாம். லைசென்ஸ் போவும். போவட்டும். அந்த சனியன் பிடிச்ச தோக்கு இனி எனக்கு எதுக்கு?

இன்னைக்கு சாயாக்கடையில போய் நடுவுல உக்காந்தேன். ஒரு மாசமா மூலையிலதானே உக்காந்தேன். எல்லாவனுக்கும் வெளக்கிச் சொன்னேன். எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கு செய்த வேலை. ஓடையில நிக்கிய பன்னியைப் பாத்து வச்ச வெடியை அது அங்கோட்டு இழுத்துக்கிட்டுப் போய் பிலாமரத்து மூட்டுல விட்டிருக்கு. நான் என்ன செய்ய முடியும்? எவனும் ஒரு வார்த்த எதுத்துப் பேசல.

நீ இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லும்போது ஓடையில பன்னி நின்னதையும் சேத்துச் சொல்லு. கெழங்கு தோண்டிக் கெடந்ததை நீயும் பாத்திருக்கியே. அதிரு விசயத்துல இனி சண்டை இல்ல. பிலாமரம் மாப்பிளைக்குத்தான். சக்கைச் சீசன்ல ரெண்டு பேரும் சேந்து அறுத்துத் தின்னுவோம்.

மாப்பிளையை நான் பாக்க வரலாமான்னு கேளு. கேட்டு எழுது.

ஒனக்க அண்ணன்

*

மார்த்தாண்டம்
9 ஜூலை 2025

அண்ணே,

நேத்து காலையில நீ ஸ்டேஷனுக்குப் போன நேரம் பாத்து நான் விளைக்கு வந்தேன். உன்னைப் பாக்கப்படாதுன்னுதான் அந்த நேரம் வந்தேன். ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கதுக்கு முன்ன, கேட்டா வரைஞ்சு காட்ட வேண்டாமா, எது எங்க இருக்குன்னு ஒருக்கா பாத்துக்கிடுவோம்னு வந்தேன். வேற நெனப்பு எனக்கு இல்ல. பொன்னுலிங்கம் அண்ணாச்சியும் கூட வந்தாரு.

நீ நின்ன பாறையில ஏறி நின்னேன். ஓடை எனக்க எடது கைப் பக்கம், கீழ. பிலாமரம் வலது கைப் பக்கம், மேல. ஓடையைப் பாத்து நின்னா பிலாமரம் கண்ணுலயே படல. மரத்தைப் பாக்கணும்னா நான் உடம்போட திரும்ப வேண்டியிருந்துது. அண்ணாச்சிகிட்ட கேட்டேன், கப்பு உடைஞ்சா எவ்வளவு தள்ளும்னு. அவரு மரத்தைப் பாத்தாரு, ஓடையைப் பாத்தாரு. "இந்த தூரத்துல ரெண்டு முழம் தள்ளும். மிஞ்சிப் போனா மூணு"ன்னாரு. "பிள்ள, வெள்ளைக் கப்பானாலும் கறுத்த கப்பானாலும், உண்டை வெடி வச்ச பக்கமாத்தான் போவும். ஓடையைப் பாத்து வச்சது பிலாமரத்துக்கு வராது"ன்னாரு. பொறவு எனக்க மூஞ்சியைப் பாக்காம முன்னால நடந்து போயிட்டாரு.

நான் வீட்டுக்குள்ள போனேன். மதினி சாயா போட்டுத் தந்தா. சந்தோசமாத்தான் இருந்தா பாவம், கேஸ் முடிஞ்சு போச்சுன்னு. நான் ஒண்ணும் கேக்கல. அவளாத்தான் சொன்னா: "மகேஷ் போன் பண்ணினதை நான் அன்னைக்கே இவியகிட்ட சொன்னேன் அஞ்சு. அவரு வருகதுக்கு முன்ன நீங்களும் போய் பிலாமரத்துப் பக்கம் நில்லுங்கன்னு சொன்னேன். தோக்கை எடுத்துக்கிட்டுத்தான் போனாவ. கொஞ்சம் முன்ன போயிருந்தா இப்படி ஆயிருக்காது." அவளுக்குத் தலைவலியும் இல்ல, மறதியும் இல்ல.

பஸ்ஸுல வரும்போது உன் காயிதத்தை எல்லாம் எடுத்து மறுபடி வாசிச்சேன். பன்னின்னு எழுதியிருக்க. ஓடைன்னு எழுதியிருக்க. மனுஷன் நிக்கியது தெரியாதுன்னு எழுதியிருக்க. ஆனா சத்தியம் பண்ணும்போது மட்டும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பண்ணியிருக்க. மாப்பிளை மேல குறி வைக்கலன்னு. அதை நான் நம்புகேன் அண்ணே. நீ அய்யா பேருல பொய்ச் சத்தியம் பண்ண மாட்ட. அதனாலதான் மத்தது ஒண்ணுக்கும் நீ பண்ணல.

தாங்கல்ல போய் நாமம் இட்டு நின்னு, நான் அவரைப் பாக்கலன்னு உன்னால சொல்ல முடியுமா? முடியும்னா எழுது. முடியாதுன்னா துப்பாக்கியை எங்க வச்சுப் பிடிச்சன்னு எழுது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நாலு நாள் பாப்பேன். திங்கக்கெழமை ஸ்டேஷனுக்குப் போறேன்.

அஞ்சு

*

அருமனை
12 ஜூலை 2025

அஞ்சு,

பாத்தேன்.

மதினி சொல்லித்தான் போனேன். அவரு குனிஞ்சு கம்பு நாட்டிக்கிட்டு இருந்தாரு, முதுகு என் பக்கம். பிலாமரத்தை அவருக்க பங்குக்குள்ள விட்டுக் கயித்தைக் கெட்டியிருந்தாரு. எனக்குத் தலைக்கு மேல ஏறிப் போச்சு. பன்னி வரல. அன்னைக்குப் பன்னியே வரல.

மரத்துல குறி வச்சேன். அவரு நின்ன எடத்துல இருந்து ரெண்டு முழம் தள்ளி, சிரட்டை அடிச்சு வச்ச அதே ஆணியில. பட்டை தெறிச்சா பயந்து ஓடுவாரு, இனி இந்தப் பக்கம் வரமாட்டாரு, பன்னிக்கு வச்சேன்னு சொல்லிக்கிடலாம். அவ்வளவுதான் நெனச்சேன். அவரு மேல ஒரு நூல் அளவும் குறி வைக்கல. வச்சிருந்தா அவரு இன்னைக்கு இருக்க மாட்டாரு, அது ஒனக்கே தெரியும்.

சித்திரையில தப்பினது ஞாபகம் வந்துதான்னு நீ கேப்ப. வந்துது. மருந்தைக் காய வச்சாச்சே, இனி தப்பாதுன்னு நெனச்சேன். நான் போய் தப்புவேனா மக்கா? எனக்கு எப்படித் தெரியும், அந்தக் கப்பு இப்படி உளுத்துப் போய் கெடக்கும்னு?

நீ என்ன செய்யப் போறன்னு எனக்குத் தெரியாது. மாப்பிளைகிட்ட சொல்லாத. செயிலுக்குப் போறதுக்கு நான் பயப்படல. அவரு மூஞ்சியை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

சுயம்பு

*

மார்த்தாண்டம்
15 ஜூலை 2025

அண்ணே,

நேத்து ஸ்டேஷனுக்குப் போனேன். ரெண்டு கப்பையும் மேசையில வச்சு, ஒண்ணை மடக்கிக் காட்டினேன், புகைப்புரையில இருந்ததை முறிச்சுக் காட்டினேன். உடைஞ்ச கப்புதான் உண்டையை அவிய மேல கொண்டு போச்சு, நீ கொல்லப் பாக்கலன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாவ. அது உனக்கு நான் செய்ய வேண்டியது, செய்திட்டேன். பொறவு, நீ அவியளைப் பாத்துட்டுத்தான் வெடி வச்ச, பன்னி வரலன்னும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திட்டு, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"ன்னு கேட்டாரு. எழுதச் சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டாவ. இனி என்ன பிரிவு, எத்தனை வருஷம்னு அவங்களும் உன் வக்கீலும் பாத்துக்கிடட்டும்.

இவியகிட்ட நான் சொல்லாம இருக்க முடியல. சொன்னேன். கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் காலைப் பாத்துக்கிட்டே இருந்தாவ. "நான் குனிஞ்சு நின்னேன், அவரு பாத்துக்கிட்டு நின்னாரா"ன்னு கேட்டாவ. அது மட்டும்தான் கேட்டாவ.

எனக்கு உன் மேல கோவம் இருக்கு, அது ஒரு நாள் போகும். போகாத ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிருகேன். அந்தக் கப்பு நல்ல கப்பா இருந்திருந்தா மரத்துல பட்டை மட்டும் தெறிச்சிருக்கும். இவிய பதறி ஓடி வந்திருப்பாவ. நீ பாறையில இருந்து எறங்கி வந்து, பன்னிக்கு வச்சேன் மாப்பிள, பயந்துட்டீரான்னு முதுகுல தட்டியிருப்ப. அந்த ஞாயித்துக்கெழமை நம்ம வீட்டுக்கு வந்து மீன் கொழம்பு ஊத்தித் தின்னுட்டு, அதைச் சொல்லிச் சிரிச்சிருப்ப. நானும் கூட உக்காந்து சிரிச்சிருப்பேன்.

பிலாமரம் எங்களுக்கு வேண்டாம். சர்வேயர்கிட்ட சொல்லிட்டோம், கயித்தை அவுத்து உன் பக்கம் கெட்டிக்கிடு.

கோர்ட்டுல என்னைக் கூப்பிடும்போது நான் இந்த ரெண்டையும் சொல்லுவேன். உன் வக்கீல் ஒண்ணை மட்டும் கேட்டாலும் ரெண்டையும் சொல்லுவேன். அன்னைக்கு நீ வரும்போது மதினியைக் கூட்டிக்கிட்டு வராத. நான் விளைக்கு வந்த நாள் சாயா குடிக்கும்போது அவ வாயில இருந்து வந்த வார்த்தையிலதான் நீ மாட்டினன்னு அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது. நானும் சொல்லல, நீயும் சொல்லாத.

அஞ்சு